பாவனைப் பொறிகளும் ஒதுக்கிய நினைவகமும்: ஓர் எல்லையின் வரலாறு

ஒரு பொறி பிறிதொரு பொறியாக நடித்தல் கூடுமோ என்னும் வினா கணினியின் வரலாற்றில் மிக முற்படவே எழுந்தது. புதிய கணினி வந்ததும், பழைய கணினிக்கென எழுதிய செய்நிரல்கள் யாவும் பயனற்றொழிதல் பேரிழப்பாகும். அவ்விழப்பைத் தவிர்த்தற்பொருட்டு, புதிய பொறியானது பழைய பொறியின் ஆணைகளைத் தானே நிறைவேற்றிக் காட்டுமாறு அமைக்கப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஆம் ஆண்டு ஏப்பிரல் 7 ஆம் நாள் அறிவித்த 'சிஸ்ரம்/360' என்னும் குடும்பத்துக் கணினிகளுட் சில, அந்நிறுவனத்தின் முன்னைய 1401, 7090 ஆகிய கணினிகளாக நடிக்க வல்லனவாயிருந்தன. அவ்வேற்பாட்டுக்கு அந்நிறுவனத்தார் வழங்கிய 'எமுலேற்றர்' என்னும் பெயரே இன்றளவும் நிலைத்துள்ளது. தமிழில் அதனைப் பாவனைப்பொறி எனலாம்.

பாவனைப்பொறியின் அருமையெல்லாம் செயலியின் ஆணைகளைப் போலச் செய்வதிலேயே அடங்கியுள்ளதென்று கருதுவார் பலர். அக்கருத்து முழுதும் பொருந்துவதன்று. கூட்டலும் கழித்தலும் எப்பொறியிலும் கூட்டலும் கழித்தலுமே. அவற்றைப் போலச் செய்தற்குப் பொறுமை வேண்டுமன்றிப் பெருந்தந்திரம் வேண்டுவதில்லை. அரிதாவது யாதெனின், நினைவகம் எங்கே முடிகின்றது, புறக்கருவி எங்கே தொடங்குகின்றது என்னும் எல்லையைப் பழுதின்றி வகுத்தலேயாம். அவ்வெல்லை முதலிற் கம்பியினாலும், அடுத்து மரபினாலும், அதன்பின் ஏட்டினாலும், இறுதியில் உடன்பாட்டினாலும் வகுக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வளர்ச்சியை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகவரியும் கருவியும்

கணினியின் நினைவகத்திலுள்ள ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணே அதன் முகவரி. செயலி ஒரு முகவரியைக் கூறி ஆங்குள்ளதைப் படிக்கும்; அல்லது ஆங்கு ஒன்றை எழுதும். எழுதியது எழுதியபடியே இருத்தல் நினைவகத்தின் இயல்பு. ஆயின், விசைப்பலகை, அச்சுப்பொறி, வட்டு முதலிய கருவிகளோடும் செயலி பேசுதல் வேண்டும். அதற்கு இருவகை வழிகள் உள. ஒன்று, கருவிகளுக்கெனத் தனி ஆணைகளையும் தனிப் பாதையையும் அமைப்பது. மற்றொன்று, முகவரிகளுள் ஒரு தொகுதியை நினைவகத்துக்குக் கொடாது கருவிகளுக்கென ஒதுக்கிவிடுவது. இரண்டாவது வழியில், செயலி தான் நினைவகத்தில் எழுதுவதாகவே எண்ணி எழுதும். எழுதப்பட்டதோ கருவியைச் சென்றடையும். நீண்டதொரு தெருவில் வரிசையாக இலக்கமிட்ட கட்டடங்களுட் பல குடியிருப்பு வீடுகளாகவும், கடைக்கோடியிலுள்ள சில தபாற் கந்தோரும் பொலிஸ் நிலையமுமாகவும் இருத்தலை இதற்கு உவமையாகக் கூறலாம். இலக்கத்தின் வடிவில் வேறுபாடில்லை. கதவைத் தட்டினால் நிகழ்வதிலேயே வேறுபாடு உண்டு.

இவ்வழியின் பழைய சான்றுகளுள் ஒன்று மன்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் ரொம் கில்பேண் என்பாரின் தலைமையில் உருவாகி, 1962 ஆம் ஆண்டு டிசெம்பர் 7 ஆம் நாள் தொடக்கிவைக்கப்பட்ட 'அற்லஸ்' கணினியிற் காணப்படுகின்றது. நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுத்து, உருளையிலுள்ளதையும் மையக் காந்த வளையங்களிலுள்ளதையும் ஒரே நினைவகம்போலக் காட்டிய பெருமை அக்கணினிக்குரியது. மாய நினைவகம் என்னும் கருத்து அதிலிருந்தே பரவிற்று. அதே கணினியில், புறக்கருவிகளின் பதிவகங்கள் 'வீ-ஸ்ரோர்' என்னும் பெயருடைய முகவரிப் பகுதியில் வைக்கப்பட்டிருந்தன. மாய நினைவகமும் கருவிக்கு ஒதுக்கிய முகவரியும் ஒரு பொறியிலேயே சேர்ந்திருந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. பிற்காலப் பாவனைப்பொறிகள் யாவும் இவ்விரண்டும் சந்திக்கும் இடத்திலேயே இடர்ப்பட்டன. அவ்விடத்திலேயே திறனும் காட்டின.

கம்பியால் வகுத்த எல்லை

இம்முறையை உலகறியச் செய்தது டிஜிற்றல் எக்குவிப்மென்ற் கூட்டுத்தாபனம் 1970 ஆம் ஆண்டு வெளியிட்ட பி.டி.பி.-11 என்னும் கணினியாகும். அதில் முகவரியின் நீளம் 16 பிற்று. ஆகவே மொத்த இடம் 64 கிலோபைற்று. அவற்றுள் உச்சியிலுள்ள 8 கிலோபைற்று, அஃதாவது எட்டில் ஒரு பங்கு, கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டது. கருவிகளுக்கெனத் தனி ஆணை ஒன்றேனும் அப்பொறியில் இல்லை. விசைப்பலகையின் நிலையை அறியவேண்டின், எட்டடி எண்முறையில் 177560 என்னும் முகவரியைப் படித்தல் போதும்; தட்டப்பட்ட எழுத்தைப் பெறவேண்டின் 177562 ஐப் படித்தல் போதும். ஒவ்வொரு கருவியின் அட்டையிலும் அமைந்த இணைப்புக் கம்பிகளையும் ஆளிகளையும் மாற்றியே அதன் முகவரி நிறுவப்பட்டது. எல்லையை வகுப்பவன் கையில் இடுக்கியுடன் நின்றான் எனலாம்.

இக்கணினியைப் பாவனை செய்ய முயல்வோர்க்கு இருபெரும் உண்மைகள் புலனாகும். முதலாவது, ஒதுக்கிய பகுதியிற் படித்தல் என்பது வெறும் பார்வையன்று. அதுவே ஒரு செயல். 177562 ஐப் படித்த அளவிலே, 'எழுத்து ஆயத்தம்' என்று காட்டிய குறி தானே அழிந்துவிடும். நினைவகத்தை நூறு முறை படித்தாலும் மாறாது. கருவியை ஒரு முறை படித்தாலே மாறும். ஆகவே, பாவனைப்பொறி அப்பகுதியைச் சாதாரண நினைவகமாகக் கருதிவிடின் விருந்துச் செய்நிரல் அப்பொழுதே தடுமாறும். இரண்டாவது, கருவியில்லாத முகவரியொன்றை அணுகினால் பி.டி.பி.-11 பிழைக்குறி காட்டி வேறிடத்துக்குத் தாவும். இன்னின்ன கருவிகள் உள்ளன, இன்னின்னவை இல்லை என்று பணிசெயல் முறைமை தேர்ந்தறிவது அத்தாவலைக் கொண்டே. எனவே, உள்ளதை உள்ளதாகக் காட்டுவதுடன், இல்லாததை இல்லாததாகவே காட்டுவதும் பாவனைப்பொறியின் கடன். நடிப்பவன் ஊமையாயிருக்க வேண்டிய இடத்திற் பேசிவிடின் நாடகம் கெடுவதுபோன்றதே இது.

டிஜிற்றல் நிறுவனத்திற் பணியாற்றிய பொப் சப்னிக் என்பார் 1993 ஆம் ஆண்டு தொடங்கிய 'சிம்-எச்' என்னும் பாவனைப்பொறித் தொகுதி, இவ்வகைப் பழங்கணினிகளை அழியாது காக்கும் நோக்கமுடையது. அதில் ஒரு கருவியின் முகவரியைப் பயன்படுத்துவோர் ஓர் ஆணையின் மூலம் மாற்றியமைக்கலாம். இரு கருவிகள் ஒரே முகவரியை வேண்டி நின்றால், பாவனைப்பொறி அம்முரணை அறிவித்து நின்றுவிடும். இடுக்கியால் நடந்த வேலை எழுத்தால் நடக்கலாயிற்று. ஆயினும் 'ஒரு காணிக்கு இரு உறுதிகள் கூடா' என்னும் விதி மாறவில்லை.

மாயப் பொறிகளின் தோற்றம்

இனி, வேறொரு மரபையும் நோக்குதல் வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிறிட்ஜ் விஞ்ஞான நிலையம் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் இயங்கிற்று. ஆங்கு றொபேட் கிறீசி, லெஸ் கோமோ முதலியோர் 1964 இல் தொடங்கி 1967 இல் பயனுக்குக் கொணர்ந்த 'சி.பி.-40' என்னும் முறைமை, ஒரு கணினியைப் பதினான்கு கணினிகளாகக் காட்டிற்று. ஒவ்வொருவருக்கும் 256 கிலோபைற்று நினைவகமுள்ள முழுக் கணினியொன்று தமக்கேயுரியதாகத் தோன்றியது. இதன் வழித்தோன்றலான வி.எம்./370 என்பதை ஐ.பி.எம். 1972 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 2 ஆம் நாள் அறிவித்தது.

சிஸ்ரம்/360 இன் கருவிகள் நினைவக முகவரிகளில் வாழவில்லை. அவற்றுக்கெனத் தனி வாய்க்கால்களும் தனி ஆணைகளும் இருந்தன. அவ்வாணைகள் சலுகைபெற்ற நிலையிலன்றி இயங்கா. ஆகவே, மாயப் பொறியொன்று அவற்றை வழங்கும்போதெல்லாம் மேற்பார்வை முறைமை இடைமறித்து, மெய்க்கருவிக்குப் பதிலாக மாயக் கருவியைக் காட்டுதல் எளிதாயிற்று. எனினும் ஒதுக்கிய நினைவகம் என்னும் சிக்கல் அங்கேயும் இல்லாமலில்லை. நினைவகத்தின் தொடக்கத்தில் 0 முதல் 127 வரையுள்ள இடங்கள் குறுக்கீடுகளைக் கையாளுதற்கென நிலையாக ஒதுக்கப்பட்டிருந்தன. பதினான்கு மாயப் பொறிகளும் தத்தமக்குரிய 'பூச்சிய' முகவரியொன்றை வேண்டின. மெய்ப்பொறியிலோ பூச்சியம் ஒன்றே. முகவரிப் பெயர்ப்பு என்னும் உத்தியே அம்முரணைத் தீர்த்தது. ஒவ்வொன்றும் தன் பூச்சியமென்று கருதிய பக்கம் மெய்ந்நினைவகத்தில் வெவ்வேறிடத்தில் இருந்தது.

ஜெரல்ட் பொப்பெக், றொபேட் கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் 1974 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரை இத்துறைக்கு இலக்கணம் வகுத்தது. மாயப் பொறியில் நிகழ்வது மெய்ப்பொறியில் நிகழ்வதையே ஒத்திருத்தல், ஆணைகளுட் பெரும்பாலானவை இடையீடின்றி நேரே இயங்குதல், வளங்கள் யாவும் மேற்பார்வையாளரின் ஆட்சிக்குள் இருத்தல் என அவர்கள் மூன்று பண்புகளைக் கூறினர். ஒதுக்கிய நினைவகத்தின் வரலாறு முழுவதும் இம்மூன்றுக்கும் இடையே நிகழ்ந்த இழுபறியே. ஒப்புமையை நாடின் வேகம் குறையும். வேகத்தை நாடின் ஆட்சி தளரும்.

மரபாகிய எல்லை

1981 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 12 ஆம் நாள் வெளிவந்த ஐ.பி.எம். தனியாட் கணினி இவ்விரு மரபுகளையும் கலந்தது. இன்ரெல் 8088 செயலிக்குக் கருவிகளுக்கெனத் தனி வாயில்களும் உண்டு. 1 மெகாபைற்று நினைவக முகவரியும் உண்டு. வடிவமைத்தோர் அம்மெகாபைற்றை 64 கிலோபைற்று கொண்ட பதினாறு பகுதிகளாகக் கருதி, கீழுள்ள பத்தை நினைவகத்துக்கும் மேலுள்ள ஆறைத் திரைக்கும் நிலைநினைவகத்துக்கும் பிற அட்டைகளுக்கும் அளித்தனர். 640 கிலோபைற்று என்னும் பேர்பெற்ற எல்லை இவ்வாறே பிறந்தது. மிகக் குறைந்த அமைப்பில் அக்கணினி 16 கிலோபைற்றுடனேயே விற்கப்பட்டதாதலின், அதனினும் நாற்பது மடங்கான 640 அந்நாளில் எவர்க்கும் போதுமானதாகத் தோன்றியது வியப்பன்று.

அவ்வெல்லை சில ஆண்டுகளிலேயே இறுக்கமாயிற்று. ஆயினும் அதனை அகற்ற எவராலும் இயலவில்லை. ஏனெனின், செய்நிரல் எழுதியோர் விரைவை விரும்பி, நிலைநினைவகத்திலுள்ள நடைமுறைகளைக் கேளாது, 736 ஆவது கிலோபைற்றில் தொடங்கும் வண்ணத்திரை நினைவகத்தில் நேரே எழுதிவந்தனர். ஆயிரக்கணக்கான செய்நிரல்களில் அம்முகவரி பதிந்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் வசதிக்காக வரையப்பட்ட கோடு எல்லாரும் சார்ந்து நிற்கும் மரபாக மாறிற்று. அரசாணையால் வந்ததைப் பின்னர் அரசும் மாற்ற முடியாமற்போதல் நாட்டு வரலாற்றிலும் காணப்படுவதே. இன்றைய பாவனைப்பொறி ஒன்று அக்கால விளையாட்டொன்றை இயக்கவேண்டின், அக்கோட்டை அவ்விடத்திலேயே வரைந்தாக வேண்டும்.

ஏட்டில் எழுதிய எல்லை

அட்டைகளின் முகவரிகளைக் கைம்முறையால் நிறுவிய காலத்தில், இரண்டு அட்டைகள் ஒரே இடத்தை நாடிக் கணினி செயலிழத்தல் வழக்கமாயிருந்தது. 1992 இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட பீ.சீ.ஐ. என்னும் இணைப்பு முறை அத்தொல்லைக்கு முடிவு காண முற்பட்டது. அம்முறையில் ஒவ்வொரு கருவியும் தனக்கு எவ்வளவு இடம் வேண்டுமென்று தானே அறிவிக்கும். கருவியின் அடிமுகவரிப் பதிவகத்தில் எல்லாப் பிற்றுகளையும் ஒன்றாக எழுதி மீளப் படித்தால், மாறாத பிற்றுகளைக் கொண்டு வேண்டிய அளவைக் கணக்கிடலாம். அவ்வளவு எப்பொழுதும் இரண்டின் அடுக்காகவே இருக்கும். ஒரு கருவிக்கு இவ்வகைப் பதிவகங்கள் ஆறு வரை உண்டு. கணினி விழித்தெழும்போது இயங்கும் தொடக்கச் செய்நிரல் எல்லாக் கருவிகளின் வேண்டுகோள்களையும் கேட்டு, ஒன்றோடொன்று மோதாதவாறு இடங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும்.

எல்லை நிலையற்றதானபின் அதனைப் பதிந்துவைக்க ஏடொன்று வேண்டுமன்றோ? தனியாட் கணினியில் 'ஈ-820' என்னும் அழைப்பு அத்தேவையை நிறைவேற்றிற்று. பணிசெயல் முறைமை அவ்வழைப்பை விடுத்தால், நினைவக முகவரிகளின் பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் தொடக்கம், நீளம், வகை என்பன காணப்படும். முதல் வகை பயன்படுத்தத்தக்கது. இரண்டாம் வகை ஒதுக்கப்பட்டது. இதனைக் கணினியின் காணித் தோம்பு எனின் பொருந்தும். தோம்பில் 'ஒதுக்கப்பட்டது' என எழுதிய இடத்திற் பணிசெயல் முறைமை குடியேறுதல் ஆகாது. ஏனைய செயலிகளையுடைய கணினிகளில், 1994 இல் நியமமாகிய 'ஓப்பின் பேர்ம்வெயர்' என்பதிலிருந்து வந்த கருவிமரம் என்னும் விவரணம் இப்பணியைச் செய்கின்றது.

பாவனைப்பொறிக்கு இவ்வேட்டினால் நன்மையும் உண்டு, பொறுப்பும் உண்டு. தான் படைத்த மாய உலகின் படத்தைத் தானே வரைந்து விருந்துப்பொறியின் கையிற் கொடுக்கலாம் என்பது நன்மை. படமும் நிலமும் ஒரு பைற்றேனும் வேறுபடலாகாது என்பது பொறுப்பு.

பாவனைப்பொறியின் உள்ளமைப்பு

கெவின் லோற்றன் 1994 இல் தொடங்கிய 'பொக்ஸ்', பப்ரிஸ் பெலார் 2003 இல் வெளியிட்ட 'கியூ-எமு' ஆகியன தனியாட் கணினியை முழுதும் பாவனை செய்யும் திறந்த மென்பொருள்களாம். இவற்றுட் கியூ-எமு, விருந்துப்பொறியின் ஆணைகளைத் தொகுதி தொகுதியாக மொழிபெயர்த்து இயக்கும் திறத்தாற் புகழடைந்தது. நினைவகத்தை அணுகும் ஒவ்வொரு தறுவாயிலும் அது ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: இம்முகவரி நினைவகமா, கருவியா? நினைவகமாயின் நேரே சென்றுவிடலாம்; கருவியாயின் அக்கருவிக்குரிய நடைமுறையை அழைத்தல் வேண்டும்.

2007 ஆம் ஆண்டு பெப்ரவரியில் லினக்ஸ் கருவத்துடன் வெளிவந்த கே.வி.எம். இவ்வினாவைச் செயலியிடமே ஒப்படைத்தது. அக்காலத்தில் இன்ரெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்களின் செயலிகள் மாயப் பொறிகளுக்கு உதவும் உறுப்புக்களைப் பெற்றுவிட்டன. விருந்துப்பொறியின் நினைவகம் எவ்விடங்களில் உள்ளதென்பது மட்டும் கருவத்துக்கு அறிவிக்கப்படும். அவ்விடங்களைத் தவிர்த்த வேறு முகவரியொன்றை விருந்துப்பொறி தொட்டால், செயலி தானே நின்று கட்டுப்பாட்டை மீள ஒப்படைக்கும். பாவனைப்பொறி அத்தொடுதலைக் கருவிக்கு விடுத்த வேண்டுகோளாகக் கொண்டு விடையளிக்கும். சொல்லாமல் விட்டதே கருவிக்குரியது என்னும் இவ்வுத்தி மிக நுட்பமானது.

கே.வி.எம். ஐ ஆக்கிய அவி கிவிற்றி 2011 ஆம் ஆண்டளவில் கியூ-எமுவின் நினைவக அமைப்பையும் புதுக்கியமைத்தார். அதன்படி நினைவகம் ஒரு மரமாக உருவகிக்கப்படுகின்றது. மரத்தின் கிளைகள் பலவகைப்பட்டன: மெய்யான நினைவகம், படிக்க மட்டுமுரிய நினைவகம், கருவிப் பகுதி, வேறொன்றின் ஒரு பாகத்தைக் காட்டும் மறுபெயர், இவற்றைத் தாங்கும் கொள்கலம் என்பன அவை. இரு பகுதிகள் ஒன்றன்மேலொன்று படியின், முன்னுரிமை எண் மிக்கதே வெளியே தெரியும். பழைய தனியாட் கணினியின் 640 ஆவது கிலோபைற்றிலுள்ள திரைப்பகுதி இவ்வாறே அமைக்கப்படுகின்றது. கீழே நினைவகம் இடைவெளியின்றிக் கிடக்க, அதன்மேல் உயர்ந்த முன்னுரிமையுடன் திரைப்பகுதி போர்க்கப்படும். இம்மரத்தைத் தட்டையாக்கிப் பெறும் இறுதிப் படமே விருந்துப்பொறி காணும் உலகம்.

பழஞ்சுமை எதுவுமில்லாத கணினியொன்றை வேண்டுவோர்க்கு, கியூ-எமு மெய்யுலகில் எங்குமில்லாத 'வேர்ற்' என்னும் பொறியை ஆம் வகைச் செயலிக்கென அளிக்கின்றது. அதன் படம் தெளிவானது. பூச்சியத்தில் தொடக்கச் செய்நிரலுக்குரிய நிலைநினைவகம். 128 ஆவது மெகாபைற்றிற் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி. 144 இல் தொடர் வாயில். 160 இல் ஒவ்வொன்றும் 512 பைற்றுடைய 32 மாயக் கருவி இடங்கள். 1 கிகாபைற்றில் நினைவகத்தின் தொடக்கம். மெய்ப்பொறியெதனையும் போலாது, பாவனைக்கெனவே பிறந்த பொறி இது. அங்கேயும் முதல் கிகாபைற்று முழுவதும் நினைவகத்துக்குக் கொடுபடாமல் ஒதுக்கப்பட்டிருத்தல் காண்க.

வேகமும் பாதுகாப்பும்

ஒதுக்கிய பகுதியை ஒவ்வொரு முறை தொடும்போதும் விருந்துப்பொறி நின்று மீளவேண்டியிருத்தலால், நினைவகத்தைத் தொடுவதினும் பன்மடங்கு காலம் செல்லும். மெய்க்கருவியொன்றை எழுத்தெண்ணிப் பாவனை செய்தல் இதனால் மிக மெதுவானது. றஸ்ரி றசல் 2008 இல் எடுத்துரைத்த 'வேர்ற்றியோ' முறை இதற்கு மாற்றுவழி காட்டிற்று. விருந்துப்பொறி தன் சொந்த நினைவகத்திலேயே வேண்டுகோள்களை வரிசையாக எழுதிவைத்து, எல்லாம் எழுதியபின் ஒதுக்கிய பகுதியிலுள்ள மணியை ஒருமுறை அடிக்கும். ஒதுக்கிய பகுதி ஏறத்தாழ அழைப்பு மணியளவாகச் சுருங்கிற்று. நடிப்பு ஒழிந்து உடன்பாடு பிறந்த இடம் இது. விருந்துப்பொறி தான் விருந்தாளியென்பதை அறிந்தே நடந்துகொள்ளத் தலைப்பட்டது.

எல்லையைக் காவாமையால் விளையும் கேட்டுக்கு 2015 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிப்பட்ட 'வெனம்' என்னும் குறைபாடு தக்க சான்று. கியூ-எமுவின் மாய நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்தியில் 512 பைற்று அளவுடைய தாங்ககம் ஒன்று உண்டு. சில ஆணைகள் வழங்கப்பட்டபோது அதன் எல்லை சரிபார்க்கப்படவில்லை. விருந்துப்பொறியில் உயர் அதிகாரம் பெற்ற தீயோனொருவன் அவ்வெல்லைக்கு அப்பாலும் எழுதி, பாவனைப்பொறியின் சொந்த நினைவகத்தைச் சிதைக்க முடிந்தது. அப்பிழை 2004 ஆம் ஆண்டு முதல் அங்கிருந்தது. நெகிழ்வட்டுக்களை உலகம் மறந்துவிட்ட காலத்திலும் அவற்றின் மாய நிழல் எண்ணற்ற பொறிகளில் வாழ்ந்திருந்தது. பதினொரு ஆண்டுகள் அதனை எவரும் ஐயுறவில்லை. ஒன்றையொன்று அறியாத பல நிறுவனங்களின் பொறிகள் ஒரே மெய்க்கணினியில் அயலவராகக் குடியிருக்கும் இக்காலத்தில், ஒரு வேலியின் பொத்தல் ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய தீங்கன்று.

அடிநிலத்தின் உரிமை

பாவனைப்பொறி தன் விருப்பப்படி உலகைப் படைக்கவல்லது. மெய்ப்பொறியின் தடைகள் அதற்கில்லை என்று ஒரு சாரார் கூறுவர். மாயக் கருவிகள் மட்டும் உள்ளவரை அக்கூற்று ஏறத்தாழ உண்மையே. ஆயின், மெய்க்கருவியொன்றை நேரே விருந்துப்பொறியின் வசம் ஒப்படைக்கும் வழக்கம் வந்ததும் அது பொய்யாயிற்று. அத்தகைய கருவி, செயலியின் துணையின்றி நினைவகத்தைத் தானே அணுகும். அதன் முகவரிகளைப் பெயர்த்துக் கொடுத்தற்கும் வரம்புக்குள் அடக்குதற்கும் தனியுறுப்பு ஒன்று உண்டு. அவ்வுறுப்பும் மெய்ப்பொறியும் சில முகவரிகளைத் தமக்கென ஒதுக்கிவைத்துள்ளன. விருந்துப்பொறியின் நினைவகம் அம்முகவரிகளில் அமையின் இரண்டும் மோதும்.

இவ்வகை ஒதுக்கீடுகளுள் மூன்று குறிப்பிடத்தக்கன. இன்ரெல் கணினிகளின் தொடக்கச் செய்நிரல், சில கருவிகள் இடையறாது பயன்படுத்தும் நினைவகப் பகுதிகளைத் தனிப் பட்டியலில் அறிவிக்கும். அத்தகைய கருவிகளை விருந்துப்பொறிக்குக் கொடுத்தல் தீங்காகலாமெனக் கண்டு, லினக்ஸ் கருவம் 2014 இல், சில விலக்குகளுடன், அதனைத் தடைசெய்தது. மற்றொரு மாயப்பொறி முறைமையாகிய 'சென்', 2015 இல் வெளிவந்த 4.6 ஆம் பதிப்பில் அப்பகுதிகளை விருந்துப்பொறியின் படத்திலும் ஒதுக்கிவைக்கும் வழியைத் தந்தது. ஒதுக்க இயலாவிடிற் பொறியைத் தொடக்காது நிறுத்தும் கடுநெறி, எச்சரித்துவிட்டுத் தொடரும் நெகிழ்நெறி என்னும் இரண்டுள் ஒன்றை அமைப்போர் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, குறுக்கீட்டுச் செய்திகளுக்குரிய பகுதி. இன்ரெல் மரபில், 4 கிகாபைற்று எல்லைக்கு 18 மெகாபைற்றுக் கீழே தொடங்கும் 1 மெகாபைற்று இதற்குரியது. கருவி அங்கே எழுதுவது நினைவகத்தைச் சேராது; செயலியை எழுப்பும் குறுக்கீடாக மாறும். முகவரிப் பெயர்ப்புறுப்பின் மாயவடிவமாகிய 'வேர்ற்றியோ-ஐ.ஓ.எம்.எம்.யூ.' 2017 இல் முன்மொழியப்பட்டு, 2020 இல் கியூ-எமுவிற் சேர்ந்தது. இவ்வகைப் பகுதிகளை அதற்கு அறிவித்தற்கு அதே ஆண்டில் ஓர் அமைப்புரிமை வகுக்கப்பட்டது. தாழ் எல்லை, உயர் எல்லை, வகை என்னும் மூன்று எண்களால் ஒவ்வொரு பகுதியும் குறிக்கப்படும். வகை பூச்சியமாயின் அங்கே எதனையும் அமைத்தலாகாது. ஒன்றாயின் அது குறுக்கீட்டுச் செய்திக்குரியது. விருந்துப்பொறியின் கருவிநிரல் தொடக்கத்திலேயே இப்பட்டியலைக் கேட்டறிந்து, அவ்விடங்களைத் தவிர்த்துக்கொள்ளும். 2023 இன் இறுதியில், மெய்ப்பொறியின் ஒதுக்கீடுகளைத் தானே அறிந்து விருந்துப்பொறிக்கு உரைக்கும் ஆற்றலும் அதற்கு வாய்த்தது.

மூன்றாவது, ஏ.எம்.டி. செயலிகளுக்குரியது. 1 டெராபைற்று எல்லையையொட்டி அதற்குக் கீழுள்ள 12 கிகாபைற்று முகவரிகள் அச்செயலிகளின் உள்ளிணைப்புக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. விருந்துப்பொறிகள் சிறியனவாயிருந்த காலத்தில் அவ்வுயரத்தை எவரும் எட்டவில்லை. நினைவகம் 1 டெராபைற்றை நெருங்கியபோது, விருந்துப்பொறியின் நினைவகம் அத்தடைநிலத்துட் புகலாயிற்று. 2019 இல் வந்த லினக்ஸ் 5.4 முதல், கருவம் முகவரிகளைச் சரிபார்த்து அவ்வமைப்பை மறுக்கத் தொடங்கியது. 2022 ஓகஸ்றில் வெளிவந்த கியூ-எமு 7.1, அத்தகைய பெரும்பொறிகளில் 4 கிகாபைற்றுக்கு மேல் அமையவேண்டிய நினைவகத்தை 1 டெராபைற்றிற்கு அப்பாற் பெயர்த்து அமைத்துத் தடைநிலத்தைத் தாண்டிச் சென்றது. 640 கிலோபைற்றில் நிகழ்ந்ததே பதினாறு இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட உயரத்தில் மீண்டும் நிகழ்ந்தது. வானளாவியதெனக் கருதி ஒரு மூலையில் ஒதுக்கிய நிலம், ஊர் வளர்ந்தபோது நடுத்தெருவாயிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், அறுபதாண்டு வளர்ச்சியில் எல்லையை வகுக்கும் உரிமை கைமாறி வந்தமை புலனாகும். பி.டி.பி.-11 காலத்தில் அது கம்பியிணைப்போனின் கையில் இருந்தது, 640 கிலோபைற்றுக் காலத்தில் மரபின் கையில் இருந்தது, பீ.சீ.ஐ. காலத்தில் தொடக்கச் செய்நிரலின் ஏட்டுக்குச் சென்றது. பாவனைப்பொறிகள் தோன்றியபின் அவற்றை அமைப்போனின் ஆணைவரிக்கு வந்தது. இன்று, மெய்ப்பொறி, பாவனைப்பொறி, விருந்துப்பொறி ஆகிய மூன்றும் தத்தம் ஒதுக்கீடுகளை ஒன்றற்கொன்று அறிவித்து உடன்படுதல் வேண்டியதாயிற்று.

இவ்வளர்ச்சியிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. மாயப் பொறியும் எங்கோ ஒரு மெய்ந்நிலத்தின்மேலேயே நிற்கின்றது. அந்நிலத்தின் வேலிகளை மறைத்து வரைந்த படம் எத்துணை அழகியதாயினும் ஒருநாள் தவறு காட்டியே தீரும். ஒதுக்கிய இடத்தை ஒதுக்கியதென்று முன்னரே கூறிவிடுதல் விருந்தினர்க்குச் செய்யும் குறையன்று. அவர் இடறி விழாதிருத்தற்குச் செய்யும் உபகாரமாகும். பழங்கணினிகளின் செய்நிரல்களைப் பிற்காலத்தார்க்குக் காத்துக் கொடுக்க விழைவோரும், பலர்க்குரிய தரவுகளை ஒரே பொறியிற் பேணுவோரும், முதற்கண் கற்கவேண்டுவது இவ்வெல்லைகளின் வரலாற்றையே எனலாம்.